மூட்டுவலியும் உண்ணியும்: சுங்கை சிப்புட் பக்கம் வயதான காலத்தில் சின்ன நாய் வளர்ப்பவர்களுக்கு

நாயைத் தேடுவதற்கு முன்னால் இன்னொரு ஆளைத் தேடுங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் குடியேறிய பெரியவர்கள் பலருக்குப் பிள்ளைகள் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் ஒருவர், மிஞ்சினால் இருவர். அந்த வீட்டுக்கு ஒரு சின்ன நாய் வருவது நல்ல காரியம். காலையில் எழ ஒரு காரணம் கிடைக்கிறது, தெருவில் நாலு பேர் நின்று பேசுகிறார்கள். ஆனால் திடீரென்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க நேர்ந்தால், அன்று சாயந்திரம் யார் கதவைத் திறந்து அதற்குச் சோறு வைப்பார்கள்? கோலாலம்பூரில் இருக்கும் மகன் அந்த ஆள் ஆகமாட்டார். நடந்து வரும் தூரத்தில் இருப்பவராக, வீட்டுச் சாவி வைத்திருப்பவராக, நாய் ஏற்கெனவே மோந்து பழகியவராக இருக்க வேண்டும். "தாத்தா, நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் நாயைத் தள்ளிப்போடுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது வளர்க்கும் நாயைத் தினமும் நடக்கக் கூட்டிப்போவது அதுவரைக்கும் நல்ல ஏற்பாடு.

அடுத்தது வயது. உங்கள் வயதும் நாயின் வயதும் சேர்த்துத்தான். சின்ன இன நாய்கள் 12 முதல் 16 வருடம் வரை சாதாரணமாக வாழும். 70 வயதில் இரண்டு மாதக் குட்டி வாங்கினால் 84 வயதில் அந்தக் கிழநாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். தவிர, குட்டி இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பும், காலடியில் ஓடும், செருப்பைக் கடிக்கும், முதல் சில மாதம் தரை முழுக்க மூத்திரம் பெய்யும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் நாய் வளர்ப்பே அதோடு முடிந்துவிடும். ஆகவே 4 முதல் 8 வயதுக்குள் இருக்கும், குணம் தெரிந்த, கருத்தடை செய்த நாயைத் தத்தெடுங்கள். இப்படிப்பட்ட நாய்கள் கிடைக்காமல் இல்லை. வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், வயதானவர் இறந்துபோன வீடுகள், இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்துவிட்டுப் பிறகு விட்டுவிடுகிறவர்கள் என்று பல வழிகளில் வளர்ந்த சின்ன நாய்கள் காப்பகங்களுக்கு வந்து சேர்கின்றன.

எடை 4 முதல் 7 கிலோ. அதற்கு மேல் போனால் மழையில் நனைந்து நிற்கும் நாயைக் குனிந்து தூக்க முடியாது. அதற்குக் கீழே போனால் கண்ணுக்குத் தெரியாமல் காலில் மாட்டும், ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே சோர்ந்துபோகும். இனத்தைப் பொறுத்தவரை எங்கள் கருத்து இது: ஷிட்சு அன்பான நாய், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அதன் சப்பை மூக்கு ஒத்துவராது, கண் வெளியே தள்ளியிருப்பதால் புல் குத்திப் புண்ணாகும். பூடல் புத்திசாலி, முடி அதிகம் கொட்டாது, ஆனால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டியாக வேண்டும், வெட்டாவிட்டால் சிக்குப்பிடித்துத் தோலை இழுக்கும். விரல் மூட்டு வலிப்பவர்கள் தினமும் சீப்புப் போட முடியுமா என்று முதலில் யோசியுங்கள். குட்டை முடியோடு இருக்கும் சின்ன நாட்டு நாய், அல்லது மினியேச்சர் பின்ஷர் கலந்த நாய், பராமரிக்க லேசானது. உண்ணி இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். இந்த ஊரில் அது பெரிய வசதி.

நாயைப் பார்க்கப் போகும்போது நின்றபடி பார்க்காதீர்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அது வரும்வரை காத்திருங்கள். வந்ததும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ இருக்கலாம். நடக்கவிட்டுப் பாருங்கள். நாலு அடி நடந்து பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நொண்டிக் குதித்துவிட்டு மறுபடி ஒழுங்காக நடந்தால் முழங்கால் சில்லு விலகுகிறது என்று அர்த்தம். சின்ன நாய்களுக்கு இது அடிக்கடி வரும். கழுத்துப்பட்டையை இழுத்தால் வாத்து கத்துவதுபோல் இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். இந்தக் குறைகள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்து எடுங்கள். ஒரு கைத்தடியைத் தரையில் தட்டி, நாற்காலியைச் சத்தமாக இழுத்து, நாய் எப்படி எடுத்துக்கொள்கிறது என்றும் பாருங்கள். தடியைக் கண்டு மேஜைக்கடியில் ஒளிந்து நடுங்கும் நாய், தடி ஊன்றும் வீட்டில் நிம்மதியாக இருக்காது. கடைசியாக, இதயப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் இருக்கிறதா என்று சில துளி இரத்தத்தில் பார்க்கும் விரைவுச் சோதனை கிளினிக்குகளில் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டைத் தயார் செய்தல்

பெரியவர்கள் நாயால் விழுவது பெரும்பாலும் மூன்று வகையில்: காலடியில் படுத்திருக்கும் நாயைத் தடுக்கி, கயிறு காலில் சுற்றி, சாப்பாட்டுத் தட்டையும் சிந்திய தண்ணீரையும் மிதித்து. முதலாவதற்குக் கழுத்துப்பட்டையில் சின்ன மணி ஒன்றும், இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் தானாக எரியும் சின்ன விளக்குகளும் போதும். கறுப்பு நாய் என்றால் வெளிர் மஞ்சள் பட்டை போடுங்கள். நாயின் படுக்கை நீங்கள் நடக்கும் வழியில் இருக்கக் கூடாது. சமையல் செய்யும் நேரம் அடுப்படி வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவைப் போடுங்கள், அதைத் தாண்டிக் காலெடுத்து வைக்காமல் திறந்து போகிற வகையாகப் பார்த்து.

சாப்பாட்டுத் தட்டைச் சுவரோரம் ஒரு மூலையில், அடியில் ரப்பர் விரிப்போடு வையுங்கள். குனிய முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வைத்து எடுக்கலாம். மூத்திரத்துக்குப் பழைய பேப்பரைப் பளிங்குத் தரையில் விரிப்பது ஆபத்து, மிதித்தால் வழுக்கும். விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டில் உறிஞ்சும் விரிப்பைப் போட்டுக் குளியலறை ஓரம் வைத்துப் பழக்குங்கள். அதிகாலை 3 மணிக்கு மழையில் கேட்டைத் திறந்து வெளியே கூட்டிப்போகும் வேலை இதனால் மிச்சம்.

நடைக்கு 1.2 மீட்டர் நீளக் கயிறு. நீண்டு சுருங்கும் வகை வேண்டாம். நாய் ஓடி எல்லைக்குப் போகும்போது கொடுக்கும் வெட்டில் தோள் இழுத்துக்கொள்ளும், மெல்லிய நூல் விரலை அறுக்கும். கயிற்றை மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் பூனையைக் கண்டு பாயும்போது விரல் எலும்பு உடைவது அப்படித்தான். உள்ளங்கையில் பிடியுங்கள், அவசியம் வந்தால் விட்டுவிடலாம். தடி வலது கையில் என்றால் கயிறு இடது கையில். நாய்க்குக் கழுத்துப் பட்டையோடு கயிற்றைக் கட்டாமல், மார்பைச் சுற்றும் பட்டையில் முதுகுப் பக்கம் கைப்பிடி உள்ளதாக வாங்கிக் கட்டுங்கள். சின்ன நாயின் மூச்சுக்குழாய்க்கும் நல்லது, படியேறும்போது தூக்கிவிடவும் உதவும். செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடங்கள். வெளிச்சம் வந்ததிலிருந்து 8 மணிக்குள் ஒரு முறை, சாயந்திரம் 6:30க்கு மேல் ஒரு முறை, தலா 15 முதல் 20 நிமிடம். தார் ரோட்டில் புறங்கையை வைத்து 7 விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

தெருநாய்க் கூட்டம் வந்தால் பலர் செய்வது, குனிந்து தங்கள் நாயைத் தூக்குவது. அந்த நேரத்தில் குனிந்தால் நிலை தடுமாறி விழுவீர்கள், பாயும் நாய்களின் முகத்துக்கு நேராக உங்கள் முகம் இருக்கும். குடை கொண்டுபோங்கள். நடுவில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், முதுகைக் காட்டாமல் பின்னால் நகருங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இலிருந்து சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தது. பேராக்கில் இருக்கிறோம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். உங்கள் நாய்க்கு அந்தத் தடுப்பூசியைக் கிளினிக்கில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

உண்ணி

தோட்டப்புறத்து நாய்களைக் கொல்வதில் உண்ணிக்குத்தான் முதலிடம் கொடுப்போம். இதைப் பற்றிய தவறான பழக்கங்களும் அதிகம், அதனால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாயின் மேல் நீங்கள் பார்க்கும் பழுப்பு நிற உண்ணி, மொத்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான். இரத்தம் குடித்து அவரைக்கொட்டை போல் உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலைக்குப் பின்னாலோ ஊர்ந்து போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டை பொரித்து வரும் ஆறு கால் குஞ்சு மிளகுப்பொடி போலத்தான் இருக்கும். அது நாயின் மேல் ஏறிக் குடித்து, இறங்கி, தோலுரித்து, மறுபடி ஏறும். இப்படி மூன்று முறை ஏறி இறங்கும். பழுப்பு உண்ணி மேல்நோக்கி ஏறும் குணமுள்ளது. சுவரில், சாமி படத்துக்குப் பின்னால், கூரை ஓரத்தில்கூட இருக்கும். சாப்பிடாமலே பல மாதம் உயிரோடு காத்திருக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டி உண்ணி பொறுக்கினால் பத்து நாளில் மறுபடி வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது, நாயையே பொறியாக ஆக்குவது. வாயில் கொடுக்கும் உண்ணி மருந்துகள் இரத்தத்தில் கலந்து, கடிக்கும் உண்ணியைக் கொல்லும். நெக்ஸ்கார்ட் மாதத்துக்கு ஒரு முறை, பிராவெக்டோ மாத்திரை சுமார் 12 வாரத்துக்கு ஒரு முறை. நெக்ஸ்கார்டில் 2 முதல் 4 கிலோவுக்கு ஒன்று, 4 முதல் 10 கிலோவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கிக் கத்தியால் வெட்டிக் கொடுக்காதீர்கள், மருந்து எல்லாத் துண்டிலும் சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது. பிராவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக ஏறாது. வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இந்த வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முதல் மாதத்துக்குப் பிறகு "உண்ணியே இல்லை" என்று நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சுவரில் இருக்கும் முட்டைகள் இன்னும் பொரித்து முடியவில்லை. குறைந்தது நாலு மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கொடுங்கள். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் வருடம் முழுக்கக் கொடுப்பதே நல்லது. பென்ஷன் அல்லது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் வரும் தேதியோடு அதைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

கூடவே வீட்டில் நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்பைச் சிமெண்டால் பூசுங்கள். பின்பக்கம் அடுக்கியிருக்கும் பழைய பலகை, தகரம் இவற்றை எடுத்துவிடுங்கள். படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், நாய் நக்கி உள்ளே போகும், 5 கிலோ உடம்பு அதைத் தாங்காது.

தினமும் சாயந்திரம் கையால் தடவிப் பாருங்கள்: காதுக்குள், கால்விரல் இடுக்கு, பட்டைக்கு அடியில், தொடை இடுக்கு, வாலடி. கண் மங்கலானவர்களுக்கு விரல் நுனியே போதும். உண்ணி இருந்தால் தோலை ஒட்டிய இடத்தில் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். முறுக்க வேண்டாம், நெருப்பு வைக்க வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், நகத்தால் நசுக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட சில மணி நேரத்திலேயே, உண்ணிக் காய்ச்சலைக் கொடுக்கும் எர்லிக்கியா கிருமி நாய்க்குள் போய்விட முடியும் என்பதால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது.

நாய் ஒரு நாள் சாப்பிடாமல், உடம்பு சுட்டு, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்தால், அல்லது வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால், அல்லது மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே கிளினிக். எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் தருவார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளி விளையாடத் தொடங்கிவிடும், அப்போது நிறுத்தினால் கிருமி எலும்பு மஜ்ஜையில் தங்கி மாதக்கணக்கு கழித்துத் திரும்பும். அந்தத் திரும்பல்தான் பல நாய்களைக் கொன்றிருக்கிறது. மாத்திரையை வெறும் வாயில் போடாமல் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள், தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும்.

கொசுவால் வரும் இதயப்புழுவுக்குத் தனியாக மாத மருந்து உண்டு. சாதாரண நெக்ஸ்கார்ட் அதைத் தடுக்காது, கேட்டு வாங்குங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை "ஒரு சொட்டு" கொடுக்கும் பழக்கம் தோட்டங்களில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: இதயப்புழுத் தடுப்புக்கு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம், 5 கிலோ நாய்க்கு 0.03 மில்லிகிராம். அந்த மாட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர், அதாவது அரை மில்லிகிராம். தேவையைப் போல் பதினாறு மடங்குக்கும் மேல்.

செம்பனைக்குள் இருக்கும் விஷங்கள்

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் எலித்தொல்லை அதிகம். மெழுகுக் கட்டி போன்ற எலிமருந்தை மரத்தடிகளில் வைத்துப் போவார்கள். அது இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. நாய் அதையே தின்றாலும், தின்ற எலியைத் தின்றாலும், அன்று ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வு, வெளுத்த ஈறு, மூச்சிரைப்பு, இரத்தப்போக்கு. அப்போது "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். கட்டியைக் கடித்ததைக் கண்ணால் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைப்பார். மாற்று மருந்து வைட்டமின் கே1, பல வாரம் கொடுக்க வேண்டும், கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். மிச்சக் கட்டியையோ உறையையோ எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கரைத்து ஊற்றுவதை நிறுத்த வேண்டும். உப்பு மிகுந்தால் மூளை வீங்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்துக்கு விஷம்.

பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை இருக்கிறது. பழைய போத்தல் ஏதாவது பின்பக்கக் கொட்டகையில் கிடந்தால் அதை நாய் நெருங்க முடியாத இடத்தில் பூட்டி வையுங்கள், அந்தப் போத்தலைக் கழுவி வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். மருந்தடிக்கும் நாட்களைத் தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் நடைக்குப் போகாமல் இருங்கள்.

தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, குழாய்த் தண்ணீரை வாயின் ஓரத்தில் விட்டு, ஈறை ஈரத்துணியால் பத்து நிமிடம் துடைத்தெடுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. மலைப்பாம்பு கால்வாய் வழியாகத் தாமானுக்குள் வரும், 5 கிலோ நாய் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. இரவில் சின்ன நாயை வெளியே கட்டிப் போடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

சாப்பாடும் உங்கள் மாத்திரைப் பெட்டியும்

கருத்தடை செய்த, அதிகம் ஓடாத 5 கிலோ நாய்க்கு நாளுக்கு 300 கலோரி போதும். ஒரு ரொட்டி சானாய் கிட்டத்தட்ட 300 கலோரி. காலையில் கடையில் உட்கார்ந்து பாதி ரொட்டியைப் பிய்த்துப் போட்டால் பாதி நாள் சாப்பாடு அதிலேயே முடிந்துவிட்டது, அதன்பின் வீட்டில் வைப்பதெல்லாம் கொழுப்புத்தான். உலர் தீனி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி வரும், ஆக நாளுக்கு 80 முதல் 85 கிராம், இரண்டு வேளையாக. சமையல் தராசில் ஒரு முறை நிறுத்து, அந்த அளவு வரும் டப்பாவில் கோடு போட்டுவிட்டால் பிறகு நிறுக்க வேண்டாம். தின்பண்டமாகக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 30 கலோரிக்குள். சோறும் கோழியும் மட்டும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் எலும்பு பலவீனமாகும். தீனியை அடிப்படையாக வைத்து, மேலே உப்பில்லாமல் வேகவைத்த கோழி இரண்டு கரண்டி என்பது சரியான வழி. வேகவைத்த கோழி எலும்பு சிலும்பாகி குடலைக் கிழிக்கும்.

குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. பாயாசத்துக் கிஸ்மிஸ் நாலைந்து தின்றாலே சில நாய்களுக்குச் சிறுநீரகம் நின்றுபோகும். மைலோவில் கொக்கோ இருக்கிறது, பால் சர்க்கரையும் இருக்கிறது, தட்டில் ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் பையில் வைத்திருக்கும் சீனியில்லாத மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் அது மிக ஆபத்து. அரை மணி நேரத்தில் நாயின் இரத்தச் சர்க்கரை விழுந்து தள்ளாடும், வலிப்பு வரும், கல்லீரலும் கெடும். உறையில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இதைவிட முக்கியம், கீழே விழும் மாத்திரை. அரசாங்க கிளினிக்கில் மாதக்கணக்கில் தரும் இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, முட்டி வலிக்கு டைக்ளோபெனாக், பொன்ஸ்தான், எல்லாம் 60 கிலோ மனிதருக்கு அளந்தவை. அம்லோடிபின் 10 மில்லிகிராம் ஒன்றை 5 கிலோ நாய் விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கிளிக்லாசைடு அதன் சர்க்கரையை இறக்கிவிடும். மாத்திரை சாப்பிடும்போது நாயைத் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் விடுங்கள். விளிம்புள்ள தட்டின் மேல் வைத்து எண்ணிப் போடுங்கள், விழுந்தாலும் தட்டில்தான் விழும். நாய்க்கு வலி என்று தோன்றினால் பனடோலோ உங்கள் வலி மாத்திரையோ கொடுக்காதீர்கள். முட்டியில் டைக்ளோபெனாக் ஜெல் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் நாய் வந்து நக்கும், அது விழுங்கியதற்குச் சமம். தடவியதும் நீளமான துணி உடுத்தி மூடுங்கள், கையைக் கழுவிவிட்டுப் பிறகு நாயைத் தொடுங்கள். கோடாலித் தைலம் போன்றவற்றுக்கும் இதுவே.

நீரிழிவுப் புண் காலில் இருப்பவர்கள் நாயை அங்கே நக்கவிடக் கூடாது. "நக்கினால் ஆறும்" என்ற பேச்சு பழையது. நாயின் வாயில் இருக்கும் கிருமிகள் அந்தப் புண்ணில் புகுந்தால் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். மூடிய காலுறை போடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் நாயின் நகத்தை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை வெட்டிவிடுங்கள். தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நீளமாகிவிட்டது. ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் போதும், இரத்தம் வந்தால் சோள மாவை அழுத்திப் பிடியுங்கள்.

உடம்பைக் கவனித்தல்

வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு கெடுவது அதிகம். அதை வீட்டிலேயே முன்கூட்டிப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று இரவு தொடர்ந்து 30க்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்காட்டியில் வாரம் ஒரு முறை அந்த எண்ணை எழுதிவைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. அதே நாள்காட்டியில் மாத எடையும்: நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். நிற்கத் தடுமாறுபவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல் துணைக்கு ஒருவரை அழையுங்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் தண்ணீர் அதிகமாகக் குடித்துச் சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாத அவசரம்.

பல் துலக்க மனிதப் பற்பசை வேண்டாம். காதுமடல் தொங்கும் நாய்க்குக் குளித்தபின் காதைத் துடையுங்கள், நம் ஊர் ஈரத்தில் உடனே புண் வரும். குளிப்பாட்டுவதைத் தரையில் குந்தி உட்கார்ந்து செய்யாதீர்கள், துணி துவைக்கும் தொட்டியின் உயரத்தில் அடியில் ரப்பர் விரிப்புப் போட்டுச் செய்யுங்கள்.

அக்கம்பக்கம், வெடி, பயணம்

உரிமம் நகராண்மைக் கழகத்தில் எடுக்க வேண்டும். சுங்கை சிப்புட்டுக்குக் கோல கங்சார் நகராண்மைக் கழகம். வருடா வருடம் புதுப்பித்து, தரும் வில்லையைப் பட்டையில் மாட்டிவிடுங்கள். வில்லை இல்லாத நாயைப் பிடித்துக்கொண்டு போனால் அலைந்து மீட்க உங்கள் உடம்பு ஒத்துழைக்காது. தொலைபேசி எண் பொறித்த தகடும், தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க மைக்ரோசிப்பும் இருந்தால் இன்னும் நிம்மதி.

பக்கத்து வீடு முஸ்லிம் குடும்பம் என்றால் நாய் வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஆகவே வேலிக் கம்பி வழியாக மூக்கை நீட்டாதபடி கீழ்ப்பக்கம் வலை அடியுங்கள், குளிப்பாட்டும் தண்ணீர் அவர்கள் வாசல் பக்கம் ஓடக் கூடாது, கழிவை அங்கேயே பையில் எடுங்கள். இந்த மரியாதையைக் கண்டுவிட்டால் "பாக்சிக் (பெரியவரே), உங்க அஞ்சிங் (நாய்) குரைக்குது, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு வருபவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், மூன்றுக்கும் வெடி உண்டு. நாய்கள் காணாமல் போவது அந்த இரவுகளில்தான். இருட்டுவதற்குள் நடையை முடித்து, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் வானொலியும் ஓடவிட்டு, விருந்தாளிகள் திறந்து மூடும் வாசலிலிருந்து தள்ளி வையுங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவர் மாத்திரை தருவார், அதைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் தூக்க மாத்திரையில் பாதி என்பது கூடாது.

ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். இரவில் நாய்க்கு முடியாமல் போனால் யார் கார் எடுப்பார் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே பேசிவையுங்கள், வாடகைக் கார் ஓட்டுபவர் நாயை ஏற்றச் சம்மதிப்பாரா என்பதையும். மேலேயும் முன்னாலும் திறக்கும் கூண்டுப்பெட்டி வாங்கி, கதவைத் திறந்து வைத்து, அதிலேயே தினமும் தூங்கப் பழக்குங்கள். 5 கிலோ நாய் என்றால் பெட்டியோடு சேர்ந்து சுமார் 7 கிலோ வரும். மணிக்கட்டு வலிப்பவர்கள் பாசாருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் அதை இறுக்கிக் கட்டி உருட்டிக்கொண்டு போகலாம்.

பிள்ளைகள் வந்து "அம்மா, எங்களோட வந்துடுங்க" என்று கூப்பிடும் நாள் வரும். பல அடுக்குமாடி வீடுகளில் நாய்க்கு அனுமதி இல்லை. அந்தப் பேச்சை நாயை எடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் பேசி முடியுங்கள். நாயைத் தெருவில் விட்டுப் போவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி உரிமையாளரின் கடமையை மீறுவது, அதைவிட மேலாக, வீட்டு நாய் தெருவில் சில நாள்கூடத் தாங்காது.

கடைசியாகக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள், ஆம்புலன்ஸில் வருபவர் யாராக இருந்தாலும் படிக்க வேண்டும். வீட்டில் நாய் இருக்கிறது, கடிக்குமா கடிக்காதா, பெயர், வயது, எடை, தீனி எத்தனை கிராம், என்ன மருந்து எந்தத் தேதியில், கிளினிக்கின் எண், சாவி வைத்திருப்பவரின் எண். கூண்டுப்பெட்டியும் இரண்டு வாரத் தீனியும் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கீழே தேதி போடுங்கள். எடையும் மருந்தும் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதி ஒட்டுங்கள்.